வராதவர்களுக்கும் வருகை போட்டவர்

ஆறுமுகசாமி சாருக்கு நன்றி விழா எடுக்கிறோம் என்று அருண்பிரசாத் எங்கள் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதியபோது, முப்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன். சாருக்கு அந்த நன்றி வேண்டாம் என்பது அந்தக் குழுவிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தவன் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வதும், மூட வேண்டிய இடத்தில் திறப்பதும் பதினைந்து வயதிலிருந்தே எனக்குக் கைவந்த கலை.

சாருக்குச் சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம். 1993-இல் கணக்கு ஆசிரியராக வேலை கிடைத்து, கீழ் கோத்தகிரிக்கும் கீழே இருக்கும் எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார். சமவெளியிலிருந்து வரும் வாத்தியார்கள் எங்கள் மலையில் பெட்டியைப் பிரிக்கவே மாட்டார்கள். வந்த மாதமே மாறுதலுக்கு எழுதிப்போடுவார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அவர்களுடைய கண் பஸ் வரும் வளைவிலேயே இருக்கும். சாரும் அப்படித்தான் இருந்தார். மனைவி ஜானகியம்மாளும் பையனும் ஊரில். வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளை இல்லாதபடி கால அட்டவணையை அமைத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கப் போகிற மனிதரை யார் தடுப்பது?

அவரிடம் படித்தவர்களில் பாதிக்கு மேல் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள், லைன் வீடுகளை லயம் என்பார்கள். மழை விட்டு வெயில் அடித்துக் கொழுந்து ஓங்கி வளரும் வாரங்களில் வகுப்பில் ஏழெட்டு இடங்கள் காலியாகக் கிடக்கும். அம்மாவோடு சேர்ந்து பிள்ளையும் பக்கத்துச் சின்னத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போயிருக்கும். வருகை நாட்கள் குறைந்தால் பொதுத்தேர்வுக்கு ஹால் டிக்கெட் வராது என்று தலைமையாசிரியர் வாரம் ஒருமுறை மிரட்டுவார். ஆறுமுகசாமி சார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வந்த பிள்ளைக்குச் சாய்கோடு, வராத பிள்ளைக்கும் சாய்கோடு. கொழுந்துக்குப் போனவர்கள் எல்லோரும் அவருடைய பதிவேட்டில் வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் வகுப்புத் தலைவன். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். பள்ளிக்குப் பக்கத்திலேயே வாடகை வீடு. என் வீட்டில் யாரும் என்னைக் கொழுந்துக்கு அனுப்பவில்லை, அதனால் இந்த ரகசியத்தைக் காப்பதில் எனக்கு ஒரு பெருந்தன்மையே இருந்தது.

“கீர்த்திவாசா, யாராச்சும் வந்து கேட்டா, எல்லாரும் வந்திருக்காங்கன்னு சொல்லு. ஒரு வார்த்தை மாறுச்சுன்னா எட்டுப் பேரோட வருசம் போயிரும்” என்று சார் சொல்லிவைத்திருந்தார்.

அப்படி அவர் காப்பாற்றியவர்களில் ஒருவன் அருண்பிரசாத். இன்று திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். சார் இல்லாவிட்டால் பத்தாவதே தாண்டியிருக்க மாட்டேன் என்று அவன் சொல்வது சத்தியமான உண்மை. காப்பாற்றப்படாமல் போனவள் சுமலதா.

2008 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. சுமலதா மேல் லைனில் இருந்து வருகிறவள். அங்கிருந்து பள்ளிக்குக் காலையில் இறங்க ஓடையை ஒட்டிக் குறுக்கு வழி உண்டு, இருபது நிமிடம். செங்குத்தான வழி என்பதால் சாயங்காலம் அதில் ஒருவரும் ஏற மாட்டார்கள். நாலே முக்கால் பஸ்ஸில் சாலை வழியாகத்தான் போவார்கள். அன்று விடியற்காலையில் நல்ல மழை. வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு அவள் கிளம்பத் தாமதம். மற்றவர்களில் சிலர் முன்னால் போய்விட்டார்கள், சிலர் கொழுந்துக்குப் போய்விட்டார்கள். தனியாக இறங்கினாள். ஓடைக்கு மேலே இருந்த மண் திட்டு சரிந்து அவள் இடுப்பு வரைக்கும் மூடிவிட்டது.

வகுப்பில் அன்று எட்டுப் பேர் இல்லை. சார் எட்டுப் பேருக்கும் சாய்கோடு போட்டார். மூன்று மணி பஸ்ஸுக்கு அன்னூர் போய்விட்டார்.

மாலையில் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த அவளுடைய அம்மா தெய்வம்மா, பஸ்ஸில் மகள் வரவில்லை என்றதும் பள்ளிக்கு ஓடிவந்தார். தலைமையாசிரியர் அவரைப் பள்ளி வாசலில் உட்காரவைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். சுமலதா வந்திருந்தாள். ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டுவிடலாம் என்று எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“சுமலதா இன்னிக்கு வந்தாளாடா?”

“வந்தா சார்.”

“மணி அடிக்கிற வரைக்கும் இருந்தாளா?”

“இருந்தா சார்.”

அவ்வளவுதான். இரண்டே பதில். கொழுந்துக்குப் போனவள் எங்கேயாவது அத்தை வீட்டில் மழைக்கு ஒதுங்கியிருப்பாள், காலையில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். சாரை மாட்டிவிடாமல் காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டேன். அந்தத் தோசையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பள்ளி விடும்வரை இருந்தவளை எங்கே தேடுவார்கள்? சாலையில் தேடினார்கள். பஸ் கண்டக்டரைக் கேட்டார்கள். கோத்தகிரி பஸ் நிலையத்தில் தேடினார்கள். போலீஸ்காரர், பெண்ணுக்கு யாரோடாவது பழக்கம் உண்டா என்று தெய்வம்மாவிடம் கேட்டார். காலையில் மட்டுமே புழங்குகிற அந்தக் குறுக்கு வழியில் போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சனிக்கிழமை காலை விறகுக்குப் போன பெண்கள்தான் அவளைப் பார்த்தார்கள். உயிர் போய் மூன்று நாலு மணி நேரந்தான் ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அதாவது, தெய்வம்மா பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்தபோது அவள் உயிரோடு இருந்தாள். நான் தோசை சாப்பிட்டபோதும் இருந்தாள்.

அதோடு விட்டார்களா ஊரார்? பள்ளி விட்டதும் பஸ் ஏறாமல் ஆள் நடமாட்டம் இல்லாத ஓடைக்கு ஒரு பெண் எதற்குப் போனாள் என்று ஆரம்பித்தார்கள். யாரையோ பார்க்கப் போனாள் என்றார்கள். யார் என்று இரண்டு மூன்று பெயர்கூடச் சொன்னார்கள். அவளுடைய அப்பா பழனியாண்டி அந்தப் பேச்சைத் தாங்க முடியாமல் குடித்தே இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

திங்கட்கிழமை சார் வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். தலைமையாசிரியரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். உண்மையைச் சொன்னால் விசாரணை வரும், கொழுந்துக்குப் போன அத்தனை பிள்ளைகளின் வருகையும் கிளறப்படும், போனவள் திரும்பி வரப்போவதில்லை என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். சார் அதற்கு அடங்கிப்போனார். அவள் அன்று வரவில்லை என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எங்களிடம் மறுபடியும் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சார் ஒரு நாளும் பொய்க் கோடு போடவில்லை. அதற்குப் பதிலாக, தினமும் காலை ஆறரை மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு மேல் லைனுக்கு ஏறினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கொழுந்துக்கு அனுப்ப இருந்தவர்களிடம் மன்றாடினார். எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துக் குறுக்கு வழியில் தானே முன்னால் நடந்து கூட்டிவந்தார். மாறுதல் உத்தரவு இரண்டு முறை வந்தும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை பஸ்ஸும் நின்றுபோனது. ஊருக்கு மாதம் ஒருமுறை போனால் அதிகம். ஜானகியம்மாள் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்பதை விட்டுவிட்டார். பையன் அப்பாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். 2018-இல் ஓய்வு பெறும் வரை பத்து வருஷம் இப்படியே நடந்தார். வீடு தேடி வந்த வாத்தியார் என்று ஊரே கொண்டாடியது. எங்களுக்குப் பின்னால் படித்த பிள்ளைகள் அவரைச் சாமி மாதிரி நினைத்தார்கள். அவர் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த வருஷம் மே மாதம் விழா. நான் கோயம்புத்தூரில் இருப்பதால், அன்னூர் போய் சாரை காரில் அழைத்து வரும் வேலை என் தலையில் விழுந்தது. ஜானகியம்மாள் இறந்து இரண்டு வருஷம். சார் தனியாக இருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினோம்.

“தெய்வம்மா வராங்களாடா?” என்றார்.

“வராங்க சார். அருண் கூப்பிட்டிருக்கான். சுமலதா படம் வெச்சு மாலை போடறாங்க.”

“இன்னிக்குச் சொல்லிரலாம்னு இருக்கேன்.”

“இப்ப எதுக்குங்க சார்? பதினேழு வருசம் ஆச்சு. அவங்களுக்கும் வயசாயிருச்சு.”

“எனக்கும் அறுபத்தஞ்சு ஆச்சு. அந்தப் புள்ள மேல இருக்கற பேச்சை எடுக்காம நான் போயிரக்கூடாது. அவ பள்ளிக்கூடம் வரத்தான் கிளம்பினாள்னு அந்தம்மாவுக்குத் தெரியோணும்.” என் பக்கம் திரும்பி, “உன்ற பேரு வராது. நீ பயப்படாத” என்றார்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. வெட்கப்படவேண்டிய விஷயம், ஆனால் அதுதான் நடந்தது. அடுத்த வளைவில் டீ குடிக்கலாமா சார் என்று கேட்டேன்.

கீழ் கோத்தகிரி மண்டபத்தில் முப்பத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். பெண்கள் ஒரே நிறத்தில் சேலை. வாழ்த்துப் பலகையில் சாரின் படம், அதற்குக் கீழே ‘வீடு தேடி வந்த ஆசான்’. மேடையோரம் ஒரு நாற்காலியில் சுமலதாவின் படம், மாலையோடு. முன்வரிசையில் தெய்வம்மா. நன்றாக மெலிந்து, எண்ணெய் தடவிய நரைத்த தலையோடு, மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. அந்த வருஷமே அப்பாவுக்கு மாறுதல் வந்து நாங்கள் மலையை விட்டு இறங்கிவிட்டோம், தெரிய வாய்ப்பில்லை.

ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அருண்பிரசாத் முறை வந்தது. “நான் கொழுந்துக்குப் போன நாள்லயும் சார் எனக்கு வருகை போட்டாரு. அந்தக் கோடு இல்லேன்னா நான் இன்னிக்கும் கூடையோட நின்னுருப்பேன்” என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். சார் மேடையில் சால்வைக்குள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவர் அவ்வளவு குறுகியிருக்க மாட்டார்.

அடுத்து நிகழ்ச்சியின் முக்கியமான கட்டம். சார் மறுபடியும் வருகை எடுக்க வேண்டும். அருண்பிரசாத் புதிதாக ஒரு பதிவேடு வாங்கி, பழைய வரிசைப்படி நாற்பத்தொரு பெயரையும் எழுதிவைத்திருந்தான். சுமலதா பெயர் வரும்போது எல்லோரும் சேர்ந்து ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும் என்று குழுவில் முன்பே முடிவாகியிருந்தது. அழுகிற முகங்களாகப் போட்டு நிரப்பியிருந்தார்கள். பதினேழு வருஷத்தில் நடந்தது எல்லாம் தேய்ந்துபோய், பாவம் சுமலதா என்பது மட்டும்தான் அவர்களிடம் மிச்சம். அதற்கும் நான் கட்டைவிரல் காட்டியிருந்தேன்.

“அருண்பிரசாத்.” “உள்ளேன் ஐயா.” சார் நிதானமாகக் கூப்பிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் கோடு போட்டார். வராதவர்களுக்குத் தெளிவாக ஆங்கில ‘ஏ’ எழுதினார். என் பெயர் வந்தது. எழுந்து சொன்னேன். ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்பும் கேலியுமாகப் போய்க்கொண்டிருந்தது.

“சுமலதா.”

“உள்ளேன் ஐயா” என்றது மொத்த மண்டபமும். சிலர் விசும்பினார்கள்.

சார் அந்தப் பெயருக்கு நேரே எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். “இல்லீங்க” என்றார். மைக் அவருடைய மூச்சையும் சேர்த்து வாங்கியது. “அவ வரலை. அன்னிக்கும் வரலை. வராத புள்ளைக்கு நான் கோடு போட்டேன்.” எழுந்து மேடையிலிருந்து இறங்கித் தெய்வம்மாவின் முன்னால் போய் நின்றார். “அம்மா, உங்க புள்ள அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடமே வந்து சேரலீங்க. காத்தால வரும்போதே மண்ணுல மாட்டிக்கிட்டா. நான் வரலைன்னு எழுதியிருந்தா, நீங்க வந்து கேட்டப்பவே அந்த வழியில தேடியிருப்பாங்க. புள்ள பொழச்சிருக்கும். அவ யாரையும் பாக்கப் போகலீங்க. பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்துட்டிருந்தா.”

தெய்வம்மா மடியில் இருந்த பையைத் திறந்து, ஒரு பழைய எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். மூடியில் சுமலதாவின் பெயர் ஆணியால் கீறியிருந்தது.

“தெரியும் சார்” என்றார். “போலீசு புள்ளையோட பைய குடுத்த அன்னிக்கே தெறந்து பாத்தேன். நான் கட்டிக்குடுத்த சோறு அப்படியே இருந்துச்சு. மத்தியானம் புள்ள பள்ளிக்கூடத்துல இருந்திருந்தா திங்காம வருமா? பெரிய சார்கிட்ட டப்பாவோட போனேன். புள்ளைங்க சில நாளு சாப்புடாதும்மா, புத்தகத்துல பேரு இருக்கேன்னாரு. காலையில ஆள் எண்ணுற பெரட்டுல பேரு போட்டா போட்டதுதான், இல்லைன்னு சொன்னா வேலை போயிரும்னு எங்க ஆத்தா அங்க சிலோன் தோட்டத்துல இருந்தப்பவே சொல்லிக்குடுத்தது. புத்தகத்துக்கு எதிரா சோத்தைக் காட்டி நான் என்னன்னு பேச?” டப்பாவைத் தடவினார். “யாராச்சும் ஒருத்தர் வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க தெனம் லயத்துக்கு வந்து எல்லாப் புள்ளையும் பேர் சொல்லிக் கூப்புடுவீங்க. எங்க வாசல்ல மட்டும் குடையத் தாழ்த்திக்கிட்டு வேகமாப் போவீங்க. இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு பத்து வருசம் கதவைத் தெறந்தே வெச்சிருந்தேன். அவ அப்பாவும் இதைக் கேக்காமலே போய்ட்டாரு.”

சார் கை கூப்பி நின்றார். தெய்வம்மா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“அன்னிக்குப் பெரிய சார் இன்னொண்ணும் சொன்னாரு. கிளாஸ் லீடர் பையன்கிட்டயும் கேட்டுட்டேன், சாயங்காலம் வரைக்கும் இருந்தாள்னு அவனும் சொல்றான்னு. எட்டு மணி நேரம் அதே கிளாசுல உக்காந்திருந்த புள்ள ஏன் அப்படிச் சொல்லுச்சுன்னுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல. அந்தப் பையன் வந்திருக்கானா சார்?”

முப்பத்துமூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோருக்கும் பழக்கம் இருந்தது. நான் அவருக்கு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க ஒரு நொடி போதும். கால்கள் என்னுடையவைதான், நான்தான் எழவில்லை.

சார் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“அவன் வரலீங்கம்மா.”

தெய்வம்மா தலையை ஆட்டிக்கொண்டார். டப்பாவைப் பைக்குள் வைத்தார். மகளின் படத்தை மாலையோடு எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

விழா அதோடு முடிந்தது. இலையில் பரிமாறியிருந்த சாப்பாட்டைப் பாதிப் பேர் தொடவில்லை. திரும்பும்போது சார் பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். அன்னூரில் இறங்கியபோது, “பாத்துப் போ” என்று மட்டும் சொன்னார். சால்வையையும் வாழ்த்துப் பலகையையும் காரிலேயே விட்டுவிட்டார். அவற்றோடு அந்தப் பதிவேடும் இருந்தது.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். சுமலதா பெயருக்கு நேரே ‘ஏ’. அதற்குப் பின் உள்ள பெயர்கள் எல்லாம் வெறுமை. என் பெயருக்கு நேரே சாய்கோடு அப்படியே இருந்தது. தெய்வம்மாவிடம் எனக்காக வாயால் பொய் சொன்னவர், புத்தகத்தில் நான் வந்திருந்ததாகத்தான் விட்டிருக்கிறார். அழித்து எழுத அவருக்கு நேரம் இருந்தது, காரில் ஏறும் வரை பதிவேடு அவர் கையில்தான் இருந்தது.

ஆறு மாதம் ஆகிவிட்டது. மேல் லைனில் தெய்வம்மா வீடு வரை காரிலேயே போகலாம், இப்போது தார்ச்சாலை. இரண்டு முறை கோத்தகிரி வரை போய்விட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். அதனால் நடந்தது எல்லாவற்றையும், தோசை உட்பட, ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். தெய்வம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன்.